நல்லூர் ஆறுமுக நாவலரும் ஈழத்துத் திருக்கோயில்களும்

ஒரு நாட்டிலே அரசர் உள்ளவரையில் திருக்கோயில்களைக் காக்குங் கடன் அவர்பாலதாகும். அவர் நிலம் அளிப்பர், நிவந்தம் வகுப்பர், பின்வருவோர் மறவாவண்ணம் அவற்றைக் கல்லிலும் வெட்டுவிப்பர். அவ்வரசு மாய்ந்து, ஆட்சி பிறசமயத்தார் கையிற் சென்றபின்பு அக்கடன் யாருடையது? இவ்வினா ஈழநாட்டின் வடபாலுள்ள யாழ்ப்பாணத்திலே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடையின்றிக் கிடந்தது. அக்கடன் அவ்வூரில் வாழும் குடிமக்களுடையதே என்று துணிந்து கூறியதோடமையாது, அதனைச் செய்து காட்டுதற்பொருட்டுத் தம் வாழ்நாள் முழுவதையுஞ் செலவிட்ட பெரியார் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலராவர்.

நாவலர் அவதரித்த நல்லூர், யாழ்ப்பாணத் தமிழரசர்களுக்குத் தலைநகராய் விளங்கிய பதி. 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அவ்வரசைக் கவர்ந்தனர். சின்னாட்களுள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஊர்தோறும் இருந்த ஆலயங்கள் அவ்வாறே வீழ்ந்தன. 1658இல் வந்த ஒல்லாந்தர் கோயில் இடிப்பதினும் நுண்ணியதோர் வழியைக் கையாண்டனர். பிறப்பும் மணமும் தேவாலயத்துப் பதிவேட்டில் ஏறினாலன்றி வழக்காடுமன்றத்தில் உரிமை பெறுதலும் அரசிற் பதவி பெறுதலும் அரியவாயின. ஆதலின், பகலிலே தேவாலயத்திற் பெயர் கொடுத்தலும் இரவிலே கதவடைத்துத் திருநீறணிதலும் பலர்க்கு வழக்கமாயின. விரதநாளில் உண்ட வாழையிலையை வெளியில் எறியின் காட்டிக் கொடுக்கும் என்று அஞ்சி, அதனைச் சுருட்டி வீட்டு இறப்பிலே செருகி வைத்தனர் என்பது அந்நாட்டுச் செவிவழிச் செய்தி. 1795இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது, அச்சம் நீங்கிற்று. ஆயின் அச்சத்தோடு வாழ்ந்து பழகிய தலைமுறைகளிடத்தே, கோயிலும் கல்வியும் தம்முடையன, அவற்றைத் தாமே காத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எளிதில் மீளவில்லை. இடிந்த மதிலைச் சில திங்களில் எடுத்துவிடலாம். இடிந்த எண்ணத்தை எடுத்தல் அத்துணை எளிதன்று.

இக்காலத்தே, 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், நல்லூரிற் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய புதல்வராகப் பிறந்தார் ஆறுமுகம் என்னும் பிள்ளைத் திருநாமம் உடைய நாவலர். தந்தையார் தமிழ்ப் புலமை மிக்கவர். நாடகங்கள் பல இயற்றியவர். அவர் நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தாராக, அப்போது ஒன்பது வயதினராயிருந்த இளைய மகனார் எஞ்சிய பகுதியைப் பாடி முடித்தனர் என்பர். பின்னர், இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் என்னும் இருபெரும் புலவரிடத்தே இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வடமொழியும் பயின்றார். ஆங்கிலம் கற்றற்பொருட்டு வெசுலியன் மிஷனாரின் பாடசாலையிற் சேர்ந்தார்.

அப்பாடசாலைத் தலைவர் பேர்சிவல் பாதிரியார் நல்லறிஞர். தம் மாணாக்கருள் ஒருவருடைய தமிழறிவு தமக்கு வேண்டற்பாலது என்று கண்டு, அவரை அங்கேயே ஆசிரியராக்கியதுமன்றிக் கிறித்தவ வேதத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் துணையாகக் கொண்டார். திருநீறு அணிந்த நெற்றியும் நியமந் தவறாத ஒழுக்கமும் உடைய சைவ இளைஞர் ஒருவர், நாடோறும் பாதிரியாரோடமர்ந்து விவிலியத்துக்குத் தமிழ் நடை வகுத்தனர். இதனைச் சிலர் அவர்க்கு இழுக்கென எண்ணுவதுண்டு. அவ்வாறெண்ணுதல் பொருந்தாது. எதிர்த்தரப்பினர் நூலை எவ்வாறு அச்சிடுகின்றனர், பாடசாலையை எவ்வாறு நடாத்துகின்றனர், ஒரு சிற்றூரிலே மக்களை எவ்வாறு ஒன்று கூட்டுகின்றனர் என்பவற்றை எல்லாம் அவர் கண்கூடாகக் கண்டது அங்கேதான். அக்கருவிகள் சைவர் கையில் இல்லாமையே குறை என்பதை அவர் உணர்ந்ததும் அங்கேதான்.

அவ்வுணர்ச்சி அவரொருவர்க்கே உண்டாயிற்றென்பதும் உண்மையன்று. 1842ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலே, வண்ணார்பண்ணைச் சிவன்கோயில் மடத்தில் ஏறத்தாழ இருநூறு சைவர் கூடி, வேதாகமங்களைக் கற்பிக்கும் பாடசாலை ஒன்று தொடங்கல் வேண்டும் என்று ஆராய்ந்தனர். அக்கூட்டத்தாற் பெரும்பயன் உடனே விளையவில்லை. ஊரார் கூடுதலும், உள்ளம் உருகுதலும், ஆவன செய்வோம் என்று உறுதி கூறுதலும், பின் அவரவர் மனை செல்லுதலும் எக்காலத்தும் உள்ளனவே. அவ்விருநூற்றுவர் கருத்தினை ஆண்டுக்கணக்கில் விடாது பற்றி நிற்க ஒருவர் வேண்டியிருந்தது.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை. ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தே வைத்திலிங்கச் செட்டியார் எடுப்பித்த வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலின் வசந்தமண்டபத்திலே அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அக்காலத்திற் கோயில்களிலே புராணபடனம் உண்டு. சமயப் பொருளை எல்லார்க்கும் விளங்கும் எளிய தமிழ் வசனத்தில் நின்று பேசும் வழக்கம் சைவரிடையே இல்லை. அது பாதிரிமாருக்கே உரியதென்று எண்ணப்பட்டது. அன்றுமுதல் வெள்ளிதோறும் அவரும், அவர்தம் நண்பர் கார்த்திகேய ஐயரும் பிரசங்கித்தனர். சிவபூசையின் சிறப்பு, திருநீற்றின் பெருமை, கொல்லாமை, கள்ளுண்ணாமை, ஆலய வழிபாட்டு முறை என்னும் பொருள்களைக் கேட்டற்கு அயலூர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தனர். கேட்டோருட் பலர் புலாலுங் கள்ளுந் துறந்து சிவதீக்கை பெற்றனர்.

அடுத்த ஆண்டாகிய 1848இலே மிஷன் பாடசாலை உத்தியோகத்தை விட்டனர். பேர்சிவல் துரை வருந்தித் தடுத்தும் நின்றாரில்லை. அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. வேதனம் பெறாது கற்பிக்க அவர் மாணாக்கர் முன்வந்தனர். பிள்ளைகளிடத்தும் கூலி பெறப்படவில்லை. தனவந்தர் சிலரும் எளியோர் பலரும் கொடுத்த பொருளே அதற்கு முதல். மணம் புரிந்து இல்லறத்தில் நின்றால் இப்பணி தடைப்படும் என்று துணிந்து, இறுதிவரை நைட்டிகப் பிரமசாரியாகவே வாழ்ந்தனர்.

பாடசாலை நடந்தது, கற்பித்தற்கோ நூல் இல்லை. ஏடுகள் உள்ளோர் அவற்றைப் பேழையிற் பூட்டி வைத்திருந்தனர். சில ஏடுகள் செல்லரித்தன. சில பிழை மலிந்து கிடந்தன. அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டு, 1849இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு சோழநாடு வழியாகச் சென்னைக்குச் சென்றார். இடையிலே திருவாவடுதுறை ஆதீனத்தைத் தரிசித்தனர். சைவசித்தாந்தமும் செந்தமிழும் தழைத்த அத்திருமடத்திலே மகாசந்நிதானத்தின் கட்டளைப்படி ஒரு பிரசங்கம் செய்தார். கேட்ட சந்நிதானம் திருவுளம் மகிழ்ந்து நாவலர் என்னும் பட்டத்தை அளித்தருளியது. அப்போது அவர்க்கு வயது 26. கடல் கடந்து வந்த இளைஞர் ஒருவருடைய புலமையை ஒரு பிரசங்கத்தாலேயே அளந்தறிந்து, இயற்பெயரினும் மேலாக நிலைக்கும் பட்டத்தை வழங்கிய பெருமை அத்திருமடத்துக்குரியது.

சென்னையிலே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிடுவித்துக் கொண்டு, யந்திரத்தோடு மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். சிறுவர்க்குப் பாலபாடங்கள் 1850இலிருந்து வெளிவந்தன. 1852இல் திருத்தொண்டர் பெரியபுராண வசனம் வந்தது. செய்யுளிலே பயிற்சியில்லாத இல்லத்து மகளிரும் வணிகரும் நாயன்மார் வரலாற்றைத் தாமே படித்தறிந்தது அந்நூல் வந்தபின்னரேயாம். பிற்காலத்தே இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவரின் ஆதரவினால், திருக்குறட் பரிமேலழகருரை 1861இலே திருத்தமாக வெளிவந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துச் சேனாவரையருரை 1868இல் வந்தது. நாவலர் பதிப்பு என்றால் பிழையற்றது என்பது அறிஞர் துணிபாயிற்று. ஏடு காத்தலும் கோயில் காத்தலும் அவர்க்கு இருவேறு தொழில்களல்ல. ஊரார் தம் செல்வத்தை அறிந்துகொண்டால் அல்லவோ அதனைக் காக்க முற்படுவர்!

அரசினரிடத்தே உரிமை கேட்டலிலும் அவர் சளைத்தவரல்லர். மக்கள் செலுத்திய வரிப்பணத்திலிருந்து பாடசாலைகளுக்கு வழங்கப்பட்ட நன்கொடை பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளுக்கே சென்றது. சைவப்பிரகாச வித்தியாசாலைக்காகச் செய்த விண்ணப்பங்கள் பல ஆண்டுகள் பயனின்றிப் போயின. 1869இல் இலங்கையிலே கல்விப் பகுதி புதிதாக வகுக்கப்பட்டு, நன்கொடை முறையும் மாறிய பின்னர், 1870இலே அப்பாடசாலை உதவிபெறத் தொடங்கிற்று. இருபத்திரண்டு ஆண்டுகள் ஊரார் பொருளாலேயே அது நின்றது என்பதை எண்ணுதல் வேண்டும்.

ஆயினும் ஊரார் எல்லாவற்றையும் தாங்கினர் என்று கூறுதல் புகழுரையாகுமேயன்றி வரலாறாகாது. திருநீறு அணிந்து வந்தமையால் சைவ மாணாக்கர் மிஷன் ஆங்கிலப் பாடசாலையினின்றும் நீக்கப்பட்ட காலத்தே, அவர்கள் கல்வி கெடாதிருத்தற்பொருட்டு 1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கில வித்தியாசாலை ஒன்றை நாவலர் தொடங்கினர். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் வல்லவராகிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அதற்குத் தலைமையாசிரியரானார். சம்பளம் கொடுத்து ஆங்கில ஆசிரியரை வைத்தல் வேண்டியிருந்தமையாற் செலவு மிகுந்தது, பொருள் வந்திலது. நான்காண்டில் அது மூடப்பட்டது. கோயில் விழாவிலே வாணவேடிக்கைக்கும் கூத்துக்கும் பொருளிறைப்போர், பிள்ளைகளின் கல்விக்குக் கைசுருக்குதல் கண்டு அவர் வெதும்பினார்.

1864இலே சிதம்பரத்தில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை நிலைபெற்றது. அவ்வூரில் அவர் பெயர் தாங்கிய மேனிலைப்பள்ளியாக அது வளர்ந்துள்ளது. சென்னையிலும் ஓர் அச்சுக்கூடம் நிறுவி, ஆண்டுகள் பல தமிழகத்தே தங்கினார். அக்காலத்திலே திருவருட்பா குறித்து இராமலிங்க அடிகளாரோடு எழுந்த மாறுபாடும், 1869இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதும் பலரறிந்தன. இருபெரியோரும் தத்தம் நெறியில் உறுதியுடன் நின்றவர்கள். அவ்வழக்கினை இம்மலரில் விரித்தலாற் பயனொன்றுமில்லை.

யாழ்ப்பாணம் மீண்டபின், 1872ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் சிறுநூலை வெளியிட்டனர். பக்கத்தாற் சிறியது, பயனாற் பெரியது. அதன்கண் நாட்டுச் சைவரின் குறைகளைத் தாட்சணியம் பாராது எடுத்துரைக்கும் நாவலர், திருக்கேதீச்சரத்தைப் பற்றி ஒரு வினா எழுப்பினார். அவ்வினாவின் வலிமையை உணர்தற்கு அத்தலத்தின் நிலையை அறிதல் வேண்டும்.

திருக்கேதீச்சரம் மன்னார்ப் பகுதியிலே, பழைய மாதோட்டத் துறைமுகத்தை அடுத்து, பாலாவித் தீர்த்தக் கரையில் உள்ளது. திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் பதிகம் அருளிச்செய்த தலம். ஈழநாட்டிலே தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் இரண்டே: ஒன்று திருக்கோணமலை, மற்றொன்று இது. அந்நாயன்மார் இருவரும் இராமேச்சரத்தில் எழுந்தருளியிருந்த காலத்து, கடலுக்கப்பாலுள்ள இத்தலத்தை அங்கிருந்தே நினைந்து தொழுது பாடினர் என்பது பெரியபுராணத்தால் அறியப்படும். இத்தகைய கோயிலைப் பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அழித்தனர். கற்கள் மன்னார்க் கோட்டை கட்டுதற்கு எடுத்துச் செல்லப்பட்டன என்பர். துறைமுகமும் தூர்ந்து ஊர் பாழாயிற்று. மூலத்தானம் இருந்த இடம் எது என்று சுட்டுவாருமின்றிக் காடு மூடியது. ஓதுவார் வாயிலே பதிகம் இருந்தது. பதிகத்துக்குரிய கோயில் எங்கே என்று எவரும் தேடிற்றிலர். ஆளற்றுக் கிடக்கும் காடெல்லாம் அரசுக்குரியது என்று கொள்ளும் 1840ஆம் ஆண்டின் சட்டப்படி, பாடல் பெற்ற தலம் அரசாங்கக் காடாகிவிட்டது.

இந்நிலையிலேதான் நாவலர் கேட்டனர். இலங்கையிலே புதிது புதிதாக எத்தனையோ கோயில்களைச் சைவர் கட்டுகின்றனர். முன்னோர் வழிபட்டதும் நாயன்மார் பாடியதுமாகிய திருக்கேதீச்சரம் காடாய்க் கிடத்தலை ஒருவரும் எண்ணாதிருத்தல் ஏன் என்பது அவர் வினாவின் கருத்து. இவ்வினா அரசினரை நோக்கியதன்று. இடித்தவர் போயினர், இப்போது ஆள்வோர் இடித்தவரல்லர், எடுப்பித்துத் தருவோருமல்லர். ஆதலின் சைவ மக்களையே நோக்கி அவர் அதனைக் கேட்டனர். வீதிக்கொரு கோயில் எடுத்து அதிலே தம் பெயர் விளங்கச் செய்வோர்க்கு அது சுடுசொல்லாகவே பட்டிருக்கும். பொருட்செல்வர் முகங்கோணுவர் என்று அஞ்சி மென்மொழி புகலும் இயல்பு அவரிடத்தே ஒருநாளும் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்தின் வடகடலோரத்திலுள்ள கீரிமலைக்காகவும் அவர் அவ்வாறே எழுதினார். நகுலமுனிவர் கீரிமுகம் நீங்கப்பெற்ற தலம் அது என்பது ஐதிகம். கடலையொட்டி நன்னீர் ஊற்றாகச் சுரக்கும் அத்தீர்த்தத்தில் ஆடி அமாவாசை முதலிய நாள்களிற் பிதிர்க்கடன் செய்வோர் எண்ணிலர். ஆயிரக்கணக்கானோர் நீராடிச் செல்லும் அத்துறையிலே, போர்த்துக்கேயரால் அழிந்த சிவன்கோயில் உரியவாறு எழும்பாதிருந்தது. 1878இல் கீரிமலைச் சிவன்கோயில் என்னும் விளம்பரத்தின் வாயிலாகத் திருப்பணிக்குப் பொருள் வேண்டினார். அத்திருப்பணி அவர் காலத்தில் முற்றுப்பெறவில்லை. 1890களிலே நகுலேச்சரம் மீண்டும் எழுந்தது.

அயலூர்க் கோயில்களுக்காக மன்றாடிய நாவலர்க்குத் தம் சொந்த ஊர்க் கோயிலே பெருந்துன்பமாக முடிந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் காலத்தே மீண்டும் தோன்றிய கோயில். அது ஆகமவிதிப்படி அமையவில்லை என்பது அவர் கருத்து. கருங்கற்றிருப்பணியாக அதனை விதிப்படி எடுத்தல் வேண்டும், தீக்கை பெற்ற அந்தணரே பூசை செய்தல் வேண்டும், உயிர்ப்பலியும் கணிகையர் ஆடலும் ஒழிதல் வேண்டும், ஊரார் கொடுத்த பொருளுக்குக் கணக்குக் காட்டல் வேண்டும் என்று வற்புறுத்தினார். கோயில் ஒருவருடைய குடும்பச் சொத்தோ, வழிபடுவோர் அனைவருக்கும் பொதுவோ என்னும் வினா அங்கே எழுந்தது. அவர் பொது என்றே நின்றார். 1875இல் அக்கோயிலைப் பற்றித் துண்டுப் பத்திரிகைகள் வெளியிட்டார். கோயிலதிகாரிகள் அவர் சொல்லை ஏற்றிலர், ஊரும் இருபாற்பட்டது. கருங்கற்றிருப்பணி அவர் எண்ணியவாறு நிறைவேறவில்லை. கந்தப்பெருமான் திருவீதியருகே பிறந்து வளர்ந்தவர், அக்கோயில் அதிகாரிகளோடு பகைத்தே வாழ்நாளை முடிக்க நேர்ந்தது. நன்கொடைக்குக் கணக்குக் கேட்டல் பகைமையாகாது, கேளாது விடுதலே கோயிலுக்குச் செய்யும் தீங்கு என்பதைக் கொடுப்போரும் பெறுவோரும் அக்காலத்தில் உணர்ந்திலர்.

அவர் சொற்கடுமை சிலவிடத்தே அளவு மீறியதும் உண்டு. இனிய சொல்லால் ஈர்த்திருக்கத்தக்க சிலரை வன்சொல்லால் இழந்தார் என்று கருதுதற்கு இடமுண்டு. சாதிக் கட்டுப்பாட்டிலும் அவர் தம் காலத்து வழக்கத்தைக் கடந்தாரல்லர். அவருடைய பாடசாலையின் வாயில் எல்லார்க்கும் ஒப்பத் திறந்திருக்கவில்லை. நாயன்மார் வரலாற்றை வீடுதோறும் சேர்ப்பித்த ஒருவரிடத்தே இக்குறை காணப்படுதல் வருந்தற்பாலதே. அவ்வாயில்கள் பின்வந்தோர் முயற்சியாற் பையப்பைய அகன்றன.

1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தைப் பேதியும் பஞ்சமும் வருத்தின. மழை பொய்த்தது, நெல் விலை ஏறியது. அவ்வேளையில் நாவலர் தனவந்தரிடஞ் சென்று பொருள் திரட்டி, வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தை நடாத்தினார். நாடோறும் வறியோர் திரள் திரளாக வந்து கஞ்சி பெற்றனர். பஞ்சத்தை அரசாங்க ஏசெண்டராகிய துவைனந்துரை உரியவாறு மதித்திலர் என்று வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். கோயிலைக் காப்பதற்கு எழுந்த குரல், கோயிலுக்கு வருவோர் வயிற்றுக்காகவும் எழுந்தது. அரசினர் பகை வருமே என்று அஞ்சி அவர் கைவிட்ட கருமம் ஒன்றுமில்லை.

1879ஆம் ஆண்டு மே மாதத்தொடக்கத்திலே, சட்டநிரூபண சபையிற் தமிழர் பிரதிநிதியாயிருந்த சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். அவரிடத்துக்கு யாரை நியமித்தல் வேண்டும் என்று ஆராய்தற்கு மே 22ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையிற் பெருங்கூட்டம் கூடிற்று. நாவலர் எழுந்து, இளைஞராகிய பொன்னம்பலம் இராமநாதனைத் தெரிதலே தக்கது என்று பேசினர். இராமநாதனே நியமனம் பெற்றனர். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் பாடசாலைக்காக இருநூற்றுவர் கூடிக் கலைந்த அதே வண்ணார்பண்ணையிலே, நாட்டின் பிரதிநிதி யாவர் என்று குடிமக்கள் ஒன்றுகூடித் தம் கருத்தை அரசினர்க்கு அறிவித்த காட்சியை அவர் தம் கண்ணாற் கண்டனர்.

அவ்வாண்டு ஆடிச் சுவாதியிலே சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளில் அவர் செய்ததே இறுதிப் பிரசங்கம். பின் உடல் நலிந்தது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், தேவாரத் திருமுறைகள் ஓதக் கேட்டுக்கொண்டே சிவபதம் எய்தினர். அகவை 57 நிறைவதற்குப் பதின்மூன்று நாள்களே குறைந்திருந்தன. மக்கள் இல்லை, மனையில்லை, சேர்த்துவைத்த பொருளும் இல்லை. வித்தியாசாலைகளையும் யந்திரசாலைகளையும் மாணாக்கர் சதாசிவப்பிள்ளை முதலியோர் ஏற்று நடாத்தினர்.

அன்று திருக்கேதீச்சரம் காடாகவே கிடந்தது. நாவலர் வினாவுக்கு விடை கிடையாமலே அவர் கண்மூடினார். எனினும் அவ்வினா, படித்தோர் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்திருந்தது. 1888இலே யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை தோன்றியது. 1893இல் அரசினர் அத்தலத்து நிலத்தை ஏலத்தில் விற்றபோது, யாழ்ப்பாணத்துச் சைவப் பெருமக்கள் ஒருங்கு கூடி ஏறத்தாழ 43 ஏக்கர் நிலத்தை 3,100 ரூபாவுக்கு வாங்கினர். தம் முன்னோர் கோயில் நிலத்தைத் தாமே விலை கொடுத்து மீட்க நேர்ந்ததே என்று வருந்துவோர் வருந்தலாம். அவ்விலையைக் கொடுக்க ஊரார் முன்வந்தது நாவலர் எழுதிய 21 ஆண்டுகளுக்குப் பின்னரேயாம். மறு ஆண்டு காடு வெட்டி அகழ்ந்தபோது, பழைய கோயில் இருந்த இடம் புலப்பட்டது. பெரியதொரு சிவலிங்கமும், நந்தியும், விநாயகர் முதலிய திருவுருவங்களும் மண்ணினின்றும் வெளிப்பட்டன. கண்டோர் மெய்ம்மயிர் சிலிர்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, எளிய அளவிற் கட்டப்பெற்ற கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. 1948இலே திருக்கேதீச்சர ஆலயத் திருப்பணிச் சபை தோன்றியது. சேர் கந்தையா வைத்தியநாதன் அதற்கு முன்னின்றுழைத்தனர். கருங்கற்றிருப்பணி வளர்ந்து 1976இல் மகா கும்பாபிஷேகம் நிறைவேறிற்று. 1990க்குப் பின் போரினால் அயலிலுள்ளோர் இடம்பெயர்ந்தனர், பூசையும் விழாவும் தடைப்பட்டன, கோயிலும் ஊறுபட்டது. போர் ஓய்ந்தபின் மக்கள் மீண்டு வந்து மறுபடியுந் திருப்பணி தொடங்கினர். 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மீண்டும் ஒரு குடமுழுக்கு நிகழ்ந்தது.

1894இல் மண்ணினின்றும் வெளிப்பட்ட அப்பழைய மகாலிங்கம் ஆலயத்திலேயே எழுந்தருளியிருக்கின்றது. மகாசிவராத்திரி நாளில், அன்பர்கள் பாலாவியில் நீராடிக் குடத்திலே தீர்த்தம் முகந்து, நீண்ட வரிசையில் நின்று, அப்பெருமானுக்குத் தம் கையாலேயே திருமுழுக்காட்டுகின்றனர்.